குட்டியப்பா

என் புருஷனுடைய இடது கை செத்துவிட்டது என்று அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார் எல்லப்பன் அண்ணன். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் செத்த கை என் முதுகுக்குப் பின்னால் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் ஜெபகுமாரின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செல்போன் கடை மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, கால் ஆடுகிற ஒரு பெஞ்சு. பெஞ்சில் நானும் என் புருஷன் கலைமணியும். அவருடைய இடது கையைத் துணியில் தூளிபோல் கட்டிக் கழுத்தில் மாட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்திக் கூட்டிவந்திருந்தேன். அது எப்போது தூளியிலிருந்து நழுவியது என்று எனக்கே தெரியாது. துண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்திருக்கிறது. நான் நெளியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லப்பன் அண்ணன். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். என் பிறந்த ஊர்க்காரர், முறைக்கு எனக்கு அண்ணன். என் புருஷன் அவரிடம்தான் வேலை பார்த்தார். எங்கள் கேஸும் அவர்மேல்தான்.

"தே பாரு பாஞ்சாலி, நா சுத்தி வளைச்சிப் பேச மாட்டேன்" என்றார். "ஒரு டாக்டரு ஊசியாலன்றான். இன்னொருத்தன் இல்லவே இல்லன்றான். மூணு வருசமா இதே பேச்சி. எனக்கு எந்தப் பேப்பரும் வோணாம். நம்ம ஊரு அம்மனாண்ட வா. கல்பூரம் கொளுத்தி வெக்கிறேன். இந்தக் கையில உசுரு இல்லன்னு அடிச்சி சொல்லு. அங்கியே கையெழுத்து போட்டுட்டுப் போய்க்கினே கீறேன்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. வக்கீலுக்கு அது புரியவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"என்ன கூத்துய்யா இது? கோர்ட்டுல போய்ச் சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும் வக்கீலய்யா. எம் மனசு ஒத்துக்கணும்ல?"

"நானே பண்றேன்" என்றார் என் புருஷன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"நீ வோணாம். ஆம்பளைங்க கூசாம பொய் சொல்லுவானுங்க, எனக்குத் தெரியாதா? இவ சொல்லட்டும். அம்மன் பேரு வெச்சவ."

எங்கள் ஊர் அம்மன் திரௌபதி. அவள் பேரைத்தான் எனக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் அப்படிப் பேர் வைத்தவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

கேஸ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கிவந்த சமயம். கம்பெனி கேன்டீனில் ஊசி முகாம் போட்டார்கள். ஏற்பாடு எல்லப்பன் அண்ணன். ஊசி போட்ட சீட்டு இல்லாதவன் லைனில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கலைமணிக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்றால் நாளையிலிருந்து வேலையும் இல்லை என்றான் சூப்பர்வைசர். கையை நீட்டினார்.

அதே கேன்டீனில், அதே டப்பாவிலிருந்து எனக்கும் போட்டார்கள். அப்போது நான் பேக்கிங்கில் இருந்தேன். எனக்குக் கை வலிகூட ஒழுங்காக வரவில்லை. என் அம்மா, தங்கை, பக்கத்து வீடு, எதிர்வீடு, எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், எல்லோரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார்கள். அதனால் ஊசியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல்காரனைப் போய்ப் படு, நாளைக்கு வா என்று சொல்லாத அந்த வாயைத்தான் திட்டினேன். இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே ஒரு காலையில் சட்டை மாட்டப் போனவர் அப்படியே நின்றார். இடது கை தோளிலிருந்து தொங்கியது. மூளையில் சின்னதாக ஒரு அடைப்பு என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். "ஊசியாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. லட்சக்கணக்கான பேர் போட்டிருக்காங்க, நானும் போட்டிருக்கேன். ஆனா சம்பந்தமே இல்லன்னும் எழுதித் தர மாட்டேன்" என்றார். நல்ல மனுஷன், ஆனால் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது. ஜெபகுமாரைப் பிடித்தோம். காய்ச்சலோடு கட்டாயப்படுத்தி ஊசி போட வைத்ததால் இடது கை முழுவதும் உணர்விழந்து செத்துவிட்டது என்று அவர் மனு போட்டார்.

மனு போட்ட மாதமே கை எழுந்துகொண்டது.

பட்டப்பகல். சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருக்கிற லைன் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல், அதன் வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்து வலது கையால் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறார். கீழிருந்து இடது கை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வருகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"யோவ்! கை வந்துடுச்சிய்யா! இன்னா வெளாட்டு இது?" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. "நா இல்லடி" என்றார். "நா பண்ல. அது தானா பண்ணுது."

அந்தக் கையை நறுக்கென்று கிள்ளினேன். அவர் இமைக்கக்கூட இல்லை. அவருக்கு உறைக்கவே இல்லை. கைக்கு உறைத்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, என் பக்கம் மெதுவாகத் திரும்பி, விரல்களை விரித்து என் எதிரே நின்றது. யார் நீ, எதற்குக் கிள்ளினாய் என்று கேட்கிற மாதிரி. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் அதற்கும் ஒரு பேர் சொன்னார். மூளையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாவிட்டால் இப்படி ஆகுமாம். வக்கீலிடம் ஓடினோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கை செத்துட்டுன்னு மனு போட்டாச்சு. இப்பம் எந்திரிச்சிட்டுன்னு சொன்னா கேஸு படுத்துரும். நடிச்சு ஏமாத்துதாங்கன்னு உங்க மேலயே திருப்பிப் போடுவான்."

"எழுந்தாலும் இவருக்கு ஒத்தாசை இல்லியே சார். இவரு சொன்ன பேச்சக் கேக்க மாட்டேன்து."

"அத எப்படிம்மா நான் எழுத? கைக்கு உயிர் இருக்கு, ஆனா அது இவரோடது இல்லன்னு எழுதவா? கம்முன்னு மறைச்சு வைங்க."

மறைத்தோம். மூன்று வருஷம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் துண்டைப் போர்த்துவேன்.

கலைமணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. சனியன் என்றுதான் கூப்பிடுவார். டீயைத் தட்டிவிடும். போட்ட செருப்பைக் கழற்றும். அவர் கதவைச் சாத்தினால் அது திறக்கும். துண்டால் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வேலை போனதிலிருந்து அவர் பேச்சும் போய்விட்டது. என்னைப் பார்ப்பதில்லை. எங்கள் பெண் யுவஸ்ரீ மடியில் ஏற வந்தால் முழங்காலால் தள்ளுவார். அவளுக்கு ஐந்து வயது. அப்பாவின் கை எழுந்தபோது பேச்சுகூடத் திருந்தாதவள், அதனால் அவளுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அப்பாவும் உண்டு, கையும் உண்டு. கைக்கு அவள் வைத்த பேர் குட்டியப்பா.

"குட்டியப்பா தல சீவி வுட்டாருமா" என்று வந்து நிற்பாள். வகிடு கொஞ்சம் கோணல்தான், ஆனால் சிக்கில்லாமல் சீவியிருக்கும். இடது கையில் சீப்பைக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாளாம். கட்டிலில் அவள் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவர் குறட்டை ஒரு பக்கம், கை வேலை ஒரு பக்கம். முதல் முறை அதைப் பார்த்தபோது பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கை சீப்பைப் பிடித்தபடி அப்படியே காத்திருந்தது.

பிறகு ஒரு மத்தியானம். வெங்காயம் உரித்துக்கொண்டு கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு ஓனர் வாடகை கேட்டு வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். வெங்காயத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அழுதேன். கட்டிலிலிருந்து கை கீழே இறங்கி வந்தது. என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. இரண்டு முறை அழுத்தியது.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம். அவர் முதல் கேட்டில் இறங்க வேண்டும், நான் அடுத்த கேட்டில். டிபன் பைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் என் சுண்டுவிரலை இரண்டு முறை அழுத்திவிட்டு இறங்குவார். போய்வரட்டுமா என்று அர்த்தம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூடப் பேசியதில்லை. அவருக்கு இப்போது அது ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

"யாரு?" என்று கேட்டேன், பைத்தியக்காரி மாதிரி.

மறுபடியும் இரண்டு முறை அழுத்தியது. மேலே அவர் குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னை ஒரு மனுஷக் கை தொட்டு அத்தனை நாளாகியிருந்தது, நான் என்ன செய்வேன்? வெங்காய நாற்றத்தோடு அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

அதற்கப்புறம் கட்டிலில் கட்டுவதில்லை. அவர் கட்டினால் நான் அவிழ்ப்பேன். விளக்கெண்ணெய் தேய்ப்பேன், நகம் வெட்டுவேன், ஊர்க்கதை பேசுவேன். அது கேட்கும். காது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்கும், அவ்வளவுதான்.

கேட்கும் என்று எனக்கு நிச்சயமானது கம்பெனி டாக்டர் வந்த அன்றைக்கு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். டாக்டரும், சத்யப்பிரியா என்று எச்.ஆர். மேடமும். உள்ளே கை யுவஸ்ரீக்குத் தலை சீவிக்கொண்டிருந்தது. வாசலில் "கலைமணி வீடு இதுதானே?" என்று மேடம் கேட்டதும் சீப்பு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். கை மடியில் துவண்டு கிடந்தது. விரல்கள் வளைந்து, வாய் பிளந்த மீன் மாதிரி.

டாக்டர் ஊசி எடுத்து ஒவ்வொரு விரலிலும் குத்தினார். நகக்கண்ணில்கூடக் குத்தினார் பாவி. ரத்தம் பொட்டாக வந்தது. கை அசையவே இல்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் மாட்டிய காலண்டரையே பார்த்தேன். யுவஸ்ரீ என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். மேடம் என்னென்னவோ எழுதிக்கொண்டார். கார் கிளம்பி, ஹைவே பக்கம் திரும்புகிற சத்தம் அடங்கும்வரை நான் நகரவில்லை.

"போயிட்டாங்க" என்றேன்.

கை எழுந்தது. குத்துப்பட்ட விரல்களை ஒவ்வொன்றாக உதறியது. பிறகு என்னிடம் நீட்டியது. நான் ஊதிவிட்டேன், சின்னப் பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி. யுவஸ்ரீயும் ஊதினாள்.

கலைமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி, அது கூட குடும்பம் நடத்திகினு கீறியா?" என்றார்.

"நீ நடத்துறியா எங்கூட?"

"என்னாண்ட பேசுறதவிட அதாண்டதான் ஜாஸ்தி பேசுற."

"அது காது குடுத்துக் கேக்குது. நீ சொவத்தப் பாத்துகினு கெட."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். சொல்லிவிட்டு நானே வருத்தப்பட்டேன். அவர் கையை எடுத்துத் துண்டால் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், அவருக்கும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

எல்லப்பன் அண்ணன் சமாதானத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கேஸை வாபஸ் வாங்கினால் கலைமணியின் வைத்தியச் செலவை அவர் ஏற்றுக்கொள்வார், எனக்குக் கம்பெனி ரோலில் நிரந்தர வேலை வாங்கித் தருவார். ரோலில் வேலை என்றால் சும்மா இல்லை. சுங்குவார்சத்திரத்தில் கான்ட்ராக்டில் நின்றவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அந்த வேலை வந்தால் நாங்கள் பிழைத்தோம், இல்லையென்றால் இல்லை. குறுக்கே நின்றது அந்தக் கற்பூரம் ஒன்றுதான்.

எங்கள் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவளை அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். சத்தியம் செய்தவள் வயிற்றில் பிறந்ததைத்தான் தொடுவாள். இது ஊர்ப்பேச்சு. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். படித்தவர்கள் சிரிக்கலாம். ஐந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் போய்ச் சிரித்துப் பார்க்கட்டும்.

சத்தியத்துக்குக் குறித்த செவ்வாய்க்கிழமை காலையில் கலைமணியைக் குளிப்பாட்டினேன். "போய் சனியன் செத்துடுச்சின்னு சொல்லு" என்றார், தலையில் தண்ணீர் வழிய. "உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நெஜமாவே சாவட்டும். நானாவது நிம்மதியா பித்தான் போட்டுக்குவேன்."

நான் கையைத் துடைத்தேன். அவர் சட்டை மாற்ற எழுந்து கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியதும், குனிந்து அந்தக் கையிடம் மட்டும் சொன்னேன். "நா இன்னா பண்ணுவேன், சொல்லு? இருக்குன்னு சொன்னா வேல போச்சு. இல்லன்னு பொய் சொன்னா யுவாவுக்கு ஆவாது. நா எங்க போவேன்?"

அது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு என் வாயைப் பொத்தியது. மெதுவாகத்தான். அழாதே என்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மண்ணூரைத் தாண்டி உள்ளே போனால் என் ஊர். கோயிலை ஒட்டி இப்போது ஒரு கம்பெனியின் மதில் ஓடுகிறது. தீமிதித் திடலில் திருவிழா நாள் தவிர மற்ற நாளெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும். உச்சிவெயில். லாரிக்காரர்கள்கூட வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் விழுகிற சத்தம் மட்டும் தம், தம் என்று வந்துகொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

எல்லப்பன் அண்ணன், வக்கீல், சத்யப்பிரியா மேடம், பூசாரி அப்பாவு. அவ்வளவு பேர்தான். அப்பாவு கதவைத் திறந்ததும் அம்மனின் வெள்ளிக் கண்மலர் இரண்டும் உள்ளே இருட்டில் பளிச்சென்றன. கருங்கல் படியில் எல்லப்பன் அண்ணனே ஒரு பெரிய கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அந்த வெயிலில் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது.

படிக்கு முன்னால் நான் முட்டி போட்டேன். என்னை ஒட்டி இடது கை என் பக்கம் இருக்கும்படி கலைமணியும். தூளிக்குள் கை அடங்கிக் கிடந்தது.

"சொல்லும்மா" என்றார் அண்ணன்.

உள்ளங்கையை ஓங்கினேன். "தாயே, எம் புருஷன் கலைமணியோட இந்த எடது கையில உசுரு..."

அதற்குமேல் வரவில்லை. யுவஸ்ரீயின் கோணல் வகிடுதான் கண்ணில் நின்றது. பிரஸ் மெஷின் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. எல்லப்பன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் இருமினார்.

தூளி அசைந்தது.

வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கதறினேன். கை தூளியை விட்டு வெளியே வந்தது. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடப் போனேன். அது நேராக என் ஓங்கிய கைக்கு வந்தது. சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. இரண்டு முறை அழுத்தியது.

பிறகு என் கையை விட்டுவிட்டு, எரிகிற கற்பூரத்தின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

கலைமணி தடுமாறி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பார்த்தவர்களுக்கு அவர்தான் தோளை உலுக்கிக் கையைத் தீயில் போட்டார் என்று தோன்றியிருக்க வேண்டும். விரல் இடுக்கில் தீ நாக்கு நீட்டியது. உள்ளங்கை பொசுங்குகிற வாடை வந்தது. நான் கிள்ளியதற்கே வெடுக்கென்று இழுத்துக்கொண்ட கை அது. ஒரு விரல்கூட நெளியவில்லை. தீ அணைகிறவரை அப்படியே கிடந்தது.

"யம்மாடி!" என்றார் எல்லப்பன் அண்ணன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உசுரு இருந்தா இழுத்துக்காதா? வெந்துகினு கீது, அசைய மாட்டேன்து பாரேன்! எட்றா கலைமணி, எட்றா கைய! போதும்டா சாமி!"

"இல்ல" என்றேன். என் வாக்கியம் பாதியில் நின்றிருந்தது அல்லவா, அதைத்தான் முடித்தேன். "உசுரு இல்ல. சத்தியம்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வக்கீல் குனிந்து என் காதில், "ஏம்மா, நடிக்கத்தான செய்யுது?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு டாக்டர் குத்தியபோதும் இப்படித்தானே கிடந்தது? என் குட்டியப்பாவின் சாமர்த்தியம் யாருக்கு வரும்? மனசுக்குள் அதைக் கொஞ்சிக்கொண்டே கையை எடுத்துத் தூளியில் வைத்தேன்.

படியிலேயே காகிதத்தை விரித்தார்கள். ஜெபகுமார் படித்துக் காட்டினார். மேற்படி இடது கை சம்பந்தமாக மனுதாரருக்கோ அவர் மனைவிக்கோ இனி எந்தக் காலத்திலும் எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று இருந்தது. கலைமணி வலது கையால் கையெழுத்துப் போட்டார். இடது பெருவிரல் ரேகையும் வேண்டும் என்றார்கள். நான்தான் தூக்கி மை தொட்டு வைத்தேன். எப்போது தூக்கினாலும் அந்தக் கை கொஞ்சம் தானாக எழும்பிக் கொடுக்கும். இப்போது முழுக் கனமும் என்மேல் விழுந்தது. நன்றாக நடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லப்பன் அண்ணன் தன் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஒன்றாந்தேதி வேலைக்கு வந்துவிடு என்றார். கதவைச் சாத்தினேன். கார் ஹைவே பக்கம் திரும்பிப் போகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். கட்டிலில் கலைமணியை உட்காரவைத்துத் தூளியை அவிழ்த்தேன். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன்.

"போயிட்டாங்க" என்றேன்.

கை மடியில் கிடந்தது.

"ஒருத்தரும் இல்ல. போயிட்டாங்க." சுண்டுவிரலை எடுத்து இரண்டு முறை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். கிள்ளினேன். குளிர்ந்துபோய், யாரோ மறந்து விட்டுப்போன சாமான் மாதிரி என் கையில் இருந்தது. பஸ்ஸில் அவர் எப்போது அழுத்துவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்குவதற்கு முன்னால்.

கலைமணி குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தானெல்லாம் போட்டபடி இருந்தது. ஒன்றுகூட அவிழவில்லை. வலது கையால் அந்தப் பித்தான்களை மேலிருந்து கீழாகத் தடவினார். வாய் கோணியது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "டேய்" என்றார். "டேய், எழுந்திர்றா."

பள்ளிக்கூடம் விட்டு யுவஸ்ரீ வந்தாள். பையை மூலையில் எறிந்தாள். சீப்பை எடுத்துக் கொப்பளித்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். ரிப்பனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சீப்பு நழுவித் தரையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, அவங்க போயிட்டாங்கன்னு நீ குட்டியப்பாகிட்ட சொல்லல?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"கேட்டிருக்காது. இன்னொருவாட்டி சொல்லு" என்று சீப்பை எடுத்து மறுபடியும் கையில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னேன்.